உள்ளே எத்தனை பேர்

"பச்சை வந்துருச்சு! தீர்த்தகிரி, பச்சை வந்துருச்சு!"

ஜெசிந்தா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். திண்டுக்கல்லில் அந்தக் காலை நேரத்துக்கே வெயில் கண்ணைக் குத்தியது. பத்து மணிக்கு மேல் யாரும் தெருவில் இறங்கக் கூடாது என்று அந்தக் கோடை முழுக்க அரசாங்கத்தின் வெயில் தடை. தடையே இல்லாவிட்டாலும் ஜெசிந்தாவால் இறங்கியிருக்க முடியாது. போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் முறிந்து, முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, தன் சொந்த மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழகத்தின் வி.பி.என். இணைப்பை வீட்டுக் கணினியில் போடுவது இத்தனை பெரிய வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மென்பொருளை இறக்கினாள். சர்வர் முகவரியில் ஓர் எழுத்து விட்டுப்போனது. சான்றிதழ் கோப்பு என்று ஒன்றை அனுப்பினார்கள், அது இறங்கிய வேகத்தில் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. எல்லாம் சரியாகி, கடைசியில் கேட்ட ரகசிய எண் சென்னையில் வேலை பார்க்கும் கணவர் அமல்ராஜின் போனுக்குப் போனது. வேலையில் சேர்ந்த அன்று தன் எண்ணுக்குப் பதில் அவர் எண்ணை எழுதிக் கொடுத்தது இப்போதுதான் தெரிந்தது. மீட்டிங் நடுவில் இருந்த அமல்ராஜ் வெளியே ஓடிவந்து எண்ணைச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. இத்தனையும் தாண்டி, திரையின் மூலையில் இருந்த சின்னப் பூட்டு பச்சையாகிவிட்டது.

"வாழ்த்துகள் மேடம்," என்றான் போனில் தீர்த்தகிரி. பல்கலைக்கழகக் கணினி மையத்து ஆள். அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் காலையிலிருந்து பேசியதில் சொந்தத் தம்பி மாதிரி ஆகியிருந்தான்.

"இப்ப என்ன நடந்துருக்குன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்களேன்."

"உங்க கம்ப்யூட்டருக்கும் நம்ம கேம்பஸுக்கும் நடுவுல ஒரு சுரங்கப்பாதை வெட்டியாச்சு மேடம். அதுக்குள்ள என்ன போகுது வருதுன்னு வெளியில இருக்குற யாரும் எட்டிப் பாக்க முடியாது. இந்த முனை திண்டுக்கல்லு, அந்த முனை கேம்பஸ். உங்க கம்ப்யூட்டர் அந்த முனையில தலையை நீட்டுது. அதனால அங்க இருக்குற மெஷினெல்லாம் உங்களை உள்ள இருக்குற ஆளுன்னே நினைச்சுக்கும்."

"நினைச்சுக்குமா?"

"எண்ணியே வச்சுக்கும். கணக்குப்பிள்ளை இப்பவே எழுதிக்கிட்டாரு பாருங்க. விதைக் கிடங்கு, ஒரு நபர்."

கணக்குப்பிள்ளை என்பது கூடல் பல்கலைக்கழகத்தைக் கட்டி மேய்க்கும் கணினிக்கு எல்லோரும் வைத்த பெயர். எந்த அறையில் எத்தனை பேர் என்று அது ஓயாமல் தலை எண்ணிக்கொண்டே இருக்கும். ஆள் இருக்கும் அறைக்கு வெளிச்சம், குளிர்ச்சி, காற்று. ஆள் இல்லாத அறைக்கு ஒன்றும் கிடையாது. மின்சாரம் பொன்னாக இருக்கும் காலத்தில் அது செய்யும் சிக்கனத்தை மெச்சாதவர்கள் இல்லை.

விதைக் கிடங்கு ஜெசிந்தாவின் பொறுப்பு. மதுரைக்கு வடக்கே வளாகத்தில் பூமிக்கு அடியில் இரண்டு தளம் கீழே, நெல்லும் எள்ளும் துவரையுமாக அழிந்துபோன ரகங்களின் விதைகளை அடுக்கி வைத்திருக்கும் இடம். விதை கெடாமல் இருக்கவும் தீப்பிடிக்காமல் இருக்கவும், ஆள் இல்லாத நேரத்தில் அந்தக் கிடங்கில் நைட்ரஜன் நிரம்பியிருக்கும். ஒருவர் உள்ளே போனால் கணக்குப்பிள்ளை அதை வெளியே தள்ளி நல்ல காற்றை விடும்.

அன்று குளிரூட்டும் குழாயைப் பழுது பார்க்க ஆள் வருகிறது. ஒப்பந்தத் தொழிலாளி கிடங்கில் தனியாக இருக்கக் கூடாது, துறை ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. இவள் போக முடியாது. வேறு ஆளும் இல்லை. தள்ளிப்போட்டால் விதைகள் வெந்துவிடும். சுரங்கப்பாதை வழியாகப் போனாலும் உள்ளே இருந்ததாகவே கணக்கு என்று தீர்த்தகிரி சொன்னபோது அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஒற்றைக் காலில்தான் குதித்திருக்க வேண்டும்.

திரையில் கிடங்கின் கேமரா விரிந்தது. தட்டுகள், கண்ணாடிக் குப்பிகள், வெப்பமானி. அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கிடங்கின் கனத்த கதவு வழிவிட்டது. கட்டிலில் படுத்துக்கொண்டே!

வாசலில் பையோடு நின்றிருந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். முத்திருளாண்டி. மூன்று வருடமாகக் கிடங்கின் குழாய் வேலை எல்லாம் அவர்தான்.

"வாங்கண்ணே," என்றாள் சுவரில் இருந்த ஒலிபெருக்கி வழியாக.

அவர் தட்டுகளுக்கு நடுவில் தேடினார். "மேடம், எங்க இருக்கீங்க?"

"உள்ளதான் இருக்கேன். கணக்குப்படி."

"கால் உடைஞ்சு கெடக்கீகன்னு சொன்னாங்க?"

"கால் வீட்ல இருக்கு. நான் இங்க இருக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாருக்கே. நம்ம பொழப்புக்கும் இப்பிடி ஒண்ணு இருந்தா வீட்ல இருந்தே குழாய் மாட்டிப்புடலாம்." தலையை ஆட்டிக்கொண்டே ஏணியை விரித்தார்.

அவர் கழற்றக் கழற்ற, எந்த வால்வு எந்த அடுக்குக்குப் போகிறது என்று ஜெசிந்தா படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவில் அவர் மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்த கதை வந்தது. வேலை பாதி முடிந்திருக்கும்போது திண்டுக்கல்லில் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. வைஃபை பெட்டியின் விளக்குகள் அணைந்தன. திரையின் மூலையில் பச்சைப் பூட்டு சாம்பல் நிறமானது.

"அட," என்றாள். அவ்வளவுதான் தோன்றியது. போனிலிருந்து இணையத்தை எடுத்து மறுபடி இணைக்கப் பார்த்தாள். கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி அடித்தாள். தவறு. பெரிய எழுத்து விசை அழுந்தியிருப்பதைக் கவனிப்பதற்குள் இன்னொரு தடவை அடித்துவிட்டாள். "உங்கள் கணக்கு ஒரு மணி நேரத்துக்கு முடக்கப்பட்டுள்ளது" என்று சிவப்பில் ஒரு வரி வந்தது.

அப்போதுதான் உறைத்தது. முத்திருளாண்டி ஒப்பந்த ஆள். அவர் கழுத்தில் தொங்குவது காகித அட்டை. கணக்குப்பிள்ளையின் புத்தகத்தில் அவர் தலையே கிடையாது. தீர்த்தகிரிக்குப் போன் போட்டாள்.

"தீர்த்தகிரி! கனெக்‌ஷன் போயிருச்சு. கிடங்குல இப்ப எத்தனை பேர் காட்டுது?"

அவன் பார்ப்பதற்கு ஒரு நொடி ஆனது. "சைபர் மேடம்."

"உள்ள முத்திருளாண்டி இருக்காரு."

அவன் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "கதவு மூடிருச்சு மேடம். எஃகுப் பூட்டும் விழுந்துருச்சு. நைட்ரஜன் உள்ள போக ஆரம்பிச்சிருச்சு."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"கால் மணி நேரத்துல மயக்கம் வரலாம். அதுக்கு முன்னாடியும் வரலாம்."

"கதவைத் திறங்க!"

"இந்தப் பூட்டு விழுந்துட்டா கம்ப்யூட்டர்லேர்ந்து திறக்காது. கிடங்கு வாசல்ல ஒரு சக்கரம் இருக்கும்ல, அதைக் கையால சுத்தணும். யாராவது ஒரு ஆளு போதும்."

"அப்ப நீங்க ஓடுங்க! உங்க ஆபீஸுக்குப் பின்னாடிதானே கிடங்கு?"

மறுமுனையில் அவன் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"தீர்த்தகிரி!"

"மேடம், நான் பொன்னமராவதியில இருக்கேன். எங்க வீட்ல."

"காலையில கம்ப்யூட்டர் சென்டர்ல இருக்கேன்னு சொன்னீங்க?"

"கணக்குப்படி அங்கதான் இருக்கேன்," என்றான் அவன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

திட்ட நேரமில்லை. "என் கணக்கோட முடக்கத்தை எடுத்துவிடுங்க."

"அது ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் ஒத்துக்கணும். இன்னொரு போன்ல அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்குறாங்க. மேடம், கிடங்குக்குள்ள வர அனுமதி உங்க துறை ஆளுங்களுக்கு மட்டும்தான். உங்க ஸ்டூடண்ட்ஸ் யாராவது சுரங்கம் வழியா உள்ள வந்தாக்கூடப் போதும். ஒரு தலை விழுந்தா காத்து திரும்பிரும். முதல்ல காத்து. கதவை அப்புறம் பாப்போம்."

ஜெசிந்தா வீட்டிலிருந்த இன்னொரு போனை எடுத்துப் பெனாசிரைக் கூப்பிட்டாள். முனைவர் பட்ட மாணவி. விடுதியில் தங்கியிருப்பவள். பரபரவென்று இயங்குகிறவள்.

"பெனாசிர், ஹாஸ்டல்லேர்ந்து கிடங்குக்கு ஓடும்மா. ஒரு உசிரு!"

"மேடம்..." அவள் குரல் தடுமாறியது. "நான் கீழக்கரையில இருக்கேன். உம்மா வீட்ல. வெயில் தடை போட்டதுலேர்ந்து இங்கதான்."

"சரி, உன் கம்ப்யூட்டரைத் திற. நான் சொல்றதை அப்பிடியே செய். ஏன் எதுக்குன்னு கேக்காத."

காலையில் தான் பட்ட பாடெல்லாம் வரம்போல வந்து நின்றது. எந்த இடத்தில் எது இடறும் என்று ஜெசிந்தாவுக்கு இப்போது மனப்பாடம். கிடங்குக்கான இணைப்புக் கோப்பு தனி, அதை இறக்கு. சர்வர் முகவரியில் நடுவில் ஒரு கோடு வரும், விட்டுடாதே. சான்றிதழ் கோப்பு இறங்கினதும் அதை இருமுறை தட்டு, "எல்லாப் பயனர்களுக்கும்" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். கணினியின் கடிகாரம் சரியாக இருக்கிறதா பார். ரகசிய எண் உன் போனுக்குத்தானே வரும்?

"என் போன்தான் மேடம். வந்துருச்சு."

"அடி."

"சுத்துது மேடம். சுத்திக்கிட்டே இருக்கு."

"கீழ இடத்தைக் கேக்கும் பாரு. விதைக் கிடங்குன்னு தேர்ந்தெடு."

ஜெசிந்தா கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். எங்கோ வெளியில் காகம் கத்தியது.

"பச்சை!" என்று வீறிட்டாள் பெனாசிர்.

"ஒண்ணு!" என்று இன்னொரு போனில் கத்தினான் தீர்த்தகிரி. "கிடங்குல ஒண்ணு! நைட்ரஜன் நின்னுருச்சு. விசிறி ஓடுது மேடம், காத்து உள்ள போகுது!"

"பெனாசிர், போனை லேப்டாப்புகிட்ட வை. முத்திருளாண்டி அண்ணே! கேக்குதா? அண்ணே!"

கரகரவென்ற ஒலிக்கு நடுவில் யாரோ இருமினார்கள். பிறகு குரல். "மேடம்... தலை கிறுகிறுங்குது. கதவு சாத்திக்கிருச்சு. நீங்க எங்க போனீங்க?"

"இங்கதான் இருக்கேன் அண்ணே. உக்காந்துக்கங்க. எந்திரிக்காதீங்க."

பெனாசிர் அழுதுகொண்டே சிரித்தாள். ஜெசிந்தாவுக்கும் அப்படித்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சக்கரத்தைச் சுற்ற இரண்டு கைகளைத் தேட ஆரம்பித்தாள்.

துறைத்தலைவரைக் கூப்பிட்டாள். சென்னையில் இருந்தார். ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டாள். அவர் நத்தத்தில் மாமனார் வீட்டில். நூலகரின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. காவலாளிகளை இரண்டு வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். வாயிற்கதவையும் கணக்குப்பிள்ளைதான் பார்த்துக்கொள்கிறது.

"என்னய்யா யுனிவர்சிட்டி இது? ஒரு ஆளுகூட அங்க இல்லையா?"

"வெயில் தடை வந்ததும் வருகை விழுந்துருச்சு மேடம்," என்றான் தீர்த்தகிரி. "வளாகத்துல ஆள் இல்லைன்னா அரசாங்கம் மூடிரும்னு பயந்தாங்க. அதனால சுரங்கம் வழியா வர்றவங்களும் நேர்ல வந்தவங்கதான்னு ஒரு உத்தரவு போட்டாங்க. கணக்குப்பிள்ளைக்கும் அதையே சொல்லிக்குடுத்தாச்சு."

தீயணைப்பு நிலையத்துக்கு அடித்தாள். நிலைய அலுவலர் குருநாதன் எடுத்தார். வண்டி ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்றார். வளாகத்திலும் கரண்ட் போய், கணக்குப்பிள்ளை தானாகவே அவர்களை அழைத்திருந்தது.

"நேரா விதைக் கிடங்குக்கு வாங்க சார். உள்ள ஒருத்தர் மாட்டியிருக்காரு."

"ஸ்க்ரீன்ல பாக்குறேம்மா. கிடங்குல ஒருத்தர், காத்து ஓட்டம் சரின்னு காட்டுது. லைப்ரரி அடித்தளத்துல நாப்பது பேரு, ஏ.சி. நின்னுபோச்சு. ஜன்னல் இல்லாத ஹால். இந்த வெயில்ல நாப்பது பேரு வெந்துருவாங்க. ஜன்னல் இல்லாத இடங்கள்ல, ஆள் கூட இருக்குற இடத்துக்குத்தான் நாங்க முதல்ல போகணும். இருக்குறது ஒரே வண்டி."

"அவருக்கு ஏற்கெனவே மயக்கம் சார்."

"புரியுதும்மா. லைப்ரரி முடிச்சதும் வர்றோம்."

போன் வைக்கப்பட்டதும் தீர்த்தகிரி அடுத்த குண்டைப் போட்டான். "மேடம், பேட்டரி. கரண்ட் இல்லாததால கணக்குப்பிள்ளை பேட்டரியைத் தலைக்குத் தலை பங்கு போடுறாரு. கிடங்குல ஒரே தலை. கொஞ்ச நேரத்துல விசிறி நின்னுரும். மூடின அறை அது."

"தலை கூடுனா?"

"விசிறி நிக்காது. லைப்ரரியைத் தாண்டுனா வண்டியும் முதல்ல இங்க வரும்."

அவன் சொல்ல வந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஐம்பதுக்கும் மேல் மாணவர்கள் அவள் துறையில். கூப்பிட்டால் வருவார்கள். ஆனால் கிடங்குக்குக் கூடுகிற ஒவ்வொரு தலையும் நூலகத்தில் வெந்துகொண்டிருப்பவர்களின் பங்கைப் பிடுங்கும். அவர்களுக்குப் போகிற வண்டியைப் பொய் சொல்லித் திருப்பிவிடும்.

"அங்க இருக்குற நாப்பது பேரும் மனுஷங்கதானே, தீர்த்தகிரி?"

"எனக்கென்னவோ அவங்களும் நம்மள மாதிரிதான்னு தோணுது மேடம்."

"தோணுனா போதுமா? ஒரு பிள்ளை நெசமா உக்காந்து படிச்சிட்டிருந்தா?"

பெனாசிரின் போன் வழியாக முத்திருளாண்டியின் குரல் மெதுவாக வந்தது. "மேடம், விசிறி சத்தம் கொறையுதே."

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். நாற்பது முகங்களை நினைத்துப் பார்க்க முயன்றாள், ஒன்றும் தெளிவாக வரவில்லை. ஏணிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தப்பாகப் போனால் அது தன் தலையில்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

துறையின் குழுவில் குரல் பதிவு போட்டாள். "பிள்ளைங்களா, எல்லாரும் எங்க இருந்தாலும் கம்ப்யூட்டரைத் திறங்க. பெனாசிர் இப்ப ஒவ்வொரு படியா சொல்லுவா. ஒருத்தருக்கு முடிஞ்சதும் அடுத்தவங்களுக்குச் சொல்லிக்குடுங்க. கிடங்குக்குள்ள ஒரு மனுஷன் இருக்காரு. நீங்க உள்ள வந்தாத்தான் அவருக்கு மூச்சு."

குழு கொதித்தது. ஓசூரிலிருந்து ஒருத்தன் சான்றிதழைக் காணோம் என்றான். தேவகோட்டைக்காரி ஒருத்தி அவனுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். அப்பாவின் கடைக் கணினியில் முயன்றவனிடம் அது அனுமதி கேட்டது, கடையில் நின்ற வாடிக்கையாளர்களை ஒதுக்கிவிட்டு அப்பாவே வந்து கடவுச்சொல்லை அடித்தாராம். யாரோ ஒருத்திக்குக் கடிகாரம் ஒரு நாள் பின்தங்கியிருந்தது. "பச்சை," "பச்சை," "எனக்கும் பச்சை மேடம்" என்று செய்திகள் விழுந்துகொண்டே இருந்தன.

"ஏழு," என்று எண்ணினான் தீர்த்தகிரி. "பதினொண்ணு. விசிறி வேகம் எடுத்துருச்சு மேடம்! பதினஞ்சு..." திடீரென்று நிறுத்தினான். "மேடம். லைப்ரரி."

"என்னாச்சு? யாருக்கு என்ன ஆச்சு?"

"லைப்ரரியில ஆள் குறையுது. நாப்பது இருந்துச்சு. இப்ப இருபத்தாறு. கிடங்குல ஒண்ணு ஏற ஏற அங்க ஒண்ணு இறங்குது."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பெனாசிரிடம் கேட்டாள். "ஏம்மா, இங்க வர்றதுக்கு முன்னாடி நீ எங்க இருந்த?"

"சொல்லவே வெக்கமா இருக்கு மேடம். தினம் காலையில போன்லேர்ந்து லைப்ரரின்னு போட்டு விட்டுருவேன். வருகைப்பதிவுக்கு. நாங்க எல்லாருமே அப்பிடித்தான். கிடங்குக்கு வரணும்னா அதைத் துண்டிச்சாத்தான் இதுல விடுது."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அடப்பாவிகளா!" என்றாள். "தீர்த்தகிரி, இப்ப?"

"இருபத்துநாலு, லைப்ரரி பதினேழு! தாண்டியாச்சு! வண்டி திரும்புது மேடம், மேப்ல தெரியுது, கிடங்குப் பக்கம் திரும்புது!"

அதற்குப் பிறகு நடந்ததை எல்லோரும் காதால்தான் கேட்டார்கள். பெனாசிரின் கணினி வழியாக, கீழக்கரை வழியாக, திண்டுக்கல் கட்டிலுக்கு. தொலைவில் பூட்ஸ் சத்தம். யாரோ "சக்கரம் இங்க இருக்கு" என்றார்கள். இரும்பு முனகியது. கனமான எதுவோ நகர்ந்தது. "அண்ணே, கையைக் குடுங்க" என்றார் ஒருவர். அடுத்து முத்திருளாண்டியின் குரல்: "ஏணியை மடக்கிட்டு வந்துர்றேன் சார்." சுற்றியிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

குழுவில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கூவினார்கள். ஜெசிந்தா மாவுக்கட்டை மறந்து எழுந்து நின்றுவிட்டாள், வலி உச்சந்தலைக்கு ஏறியதும் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் முதலில் வந்தது பயம். குருநாதனை அழைத்தாள்.

"சார், லைப்ரரியில இன்னும் ஆறேழு பேர் காட்டுதாம். அவங்க என் பிள்ளைங்க இல்ல. ஓடிப்போய்ப் பாருங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"அங்கதாம்மா போயிட்டிருக்கோம்."

அந்தக் காத்திருப்புதான் அவளுக்கு அன்றைக்கு மிக நீளமாக இருந்தது. கையில் இருந்த போன் அதிர்ந்தபோது எடுக்கவே பயந்தாள்.

"ஒருத்தரும் இல்லம்மா," என்றார் குருநாதன். அவர் குரலில் இருந்தது நிம்மதியா கோபமா என்று சொல்ல முடியவில்லை. "மேசை மேல லைட்டு எரியுது. நாற்காலியில எல்லாம் தூசி. பக்கத்துலயே ஹாஸ்டல், நூறு பேருக்கு மேல காட்டுச்சு, அங்கயும் போய்ப் பாத்தோம். வரிசையா ரூம் ரூமா பூட்டு. ஆபீஸ் கட்டடத்துலயும் யாரும் இல்ல. உங்க யுனிவர்சிட்டி முழுக்க இன்னிக்கு இருந்த ஒரே மனுஷன் இந்தக் குழாய்க்காரர்தான்."

ஜெசிந்தா மடிக்கணினியை மடக்கி ஓரமாக வைத்தாள்.

"இன்னொண்ணும்மா. ஸ்க்ரீன்ல இன்னும் ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள இருக்குறதா காட்டுது. அது சைபர் ஆகாம எங்களால வேலையை முடிக்க முடியாது. எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க."

தீர்த்தகிரி எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பினான். மாணவர்கள், பேராசிரியர்கள், அலுவலகத்தார், அவரவர் ஊரில், அவரவர் வீட்டில் இருந்தபடியே வெளியேறத் தொடங்கினார்கள். ஆயிரம், அறுநூறு, இருநூறு என்று அவன் படித்துக்கொண்டே வந்தான். பெனாசிர் கிடங்கிலிருந்து கடைசியாக வெளியேறினாள். "இப்ப நான் மட்டும்தான் மேடம்," என்று சொல்லி அவனும் துண்டித்துக்கொண்டான்.

வீட்டில் கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. ஜெசிந்தா தலையணையில் சாய்ந்தாள். நாளைக்கே துணைவேந்தரிடம் பேச வேண்டும், ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் கணக்கில் ஒரு பெயர் வேண்டும், நெசமான தலையை மட்டும் எண்ணும் ஒரு கருவி வேண்டும் என்று மனம் அடுக்கிக்கொண்டே போனது. மாணவர்களைக் கையெழுத்துப் போட வைக்கலாம். பத்திரிகைக்குச் சொல்லலாம். காலையில் பச்சைப் பூட்டைப் பார்த்தபோது வந்த அதே துடிப்பு, இன்னும் பெரிதாக.

போன் அடித்தது. முத்திருளாண்டி. வெளியே வந்துவிட்டதால் அவர் கைபேசி இப்போது வேலை செய்தது.

"அண்ணே! எப்பிடி இருக்கீங்க? தண்ணி குடிச்சீங்களா?"

"நல்லாருக்கேன் மேடம். ஆனா இங்க ஒரு சங்கடம்." அவர் குரல் சற்றுத் தயங்கியது. "இப்பத்தான் மொத்த லைட்டும் அணைஞ்சுச்சு. வண்டியை எடுத்துக்கிட்டு கேட்டுகிட்ட வந்தா அது பாட்டுக்கு இழுத்து மூடிக்கிருச்சு. சார் தட்டித் தட்டிப் பாக்குறாரு, திறக்க மாட்டேங்குது. உள்ள யாரும் இல்ல, வளாகம் மூடப்பட்டதுன்னு ஒரு பொம்பளைக் குரல் திரும்பத் திரும்பச் சொல்லுது. வெயில் வேற மண்டையைப் பொளக்குது."

ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நானு, அப்புறம் வண்டியில வந்தவுக அஞ்சு பேரு."

அவள் மடிக்கணினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கணக்கின் முடக்கம் நீங்கியிருந்தது. பெரிய எழுத்து விசை அழுந்தவில்லை என்று பார்த்துக்கொண்டு, கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

"நிழல்ல நில்லுங்கண்ணே," என்றாள். "நான் உள்ள வர்றேன்."